அலெக்சாண்டரும் சிக்கந்தரும்: ஒரு பெயர் நடந்த வழி

ஒரே வகுப்பின் வருகைப் பதிவேட்டில் அலெக்சாண்டர் என்று ஒரு பையனும் சிக்கந்தர் என்று இன்னொரு பையனும் இருப்பது நம் ஊர்ப் பள்ளிகளில் அதிசயமில்லை. இருவருக்கும் பெயர் ஒன்றே. இரண்டும் ‘அலெக்சாந்திரோஸ்’ என்ற பழைய கிரேக்கப் பெயரிலிருந்து கிளைத்தவை. பெயர்கள் காலப்போக்கில் கண்டபடி சிதைந்துவிடுகின்றன என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. ஒவ்வொரு எழுத்து மாறியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அது வாயிலோ காதிலோ எழுதும் முறையிலோ இருக்கிறது.

கிரேக்கர்கள் இரண்டு சொற்களை ஒட்டித்தான் பெரும்பாலும் பெயர் வைத்தார்கள். ‘அலெக்சோ’ என்றால் தடுத்துக் காப்பது. ‘அனேர்’ என்றால் ஆண். சேர்த்தால், மனிதர்களைக் காப்பவன். ஆனால் ‘அனேர்’ என்ற சொல்லில் தகரமே இல்லையே, ‘ஆந்திரோஸ்’ என்பதில் அது எங்கிருந்து வந்தது? வேற்றுமை உருபு சேரும்போது நடு உயிர் மறைந்து, னகரமும் ரகரமும் நேருக்கு நேர் மோதின. னகரத்தைச் சொல்லும்போது நாக்கு நுனி மேல் அண்ணத்தைத் தொட்டு நிற்கிறது. காற்று மூக்கு வழியாகப் போகிறது. ரகரத்துக்கு மூக்கு வழி அடைபட வேண்டும், நாக்கும் விலக வேண்டும். மூக்கு வழி ஒரு கணம் முந்தி அடைபட்டு, நாக்கு அங்கேயே நின்றுவிட்டால், காற்று சிறைப்பட்டு வெடிக்கிறது. அந்த வெடிப்பே இடையில் பிறந்த தகரம்.

‘நன்றி’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் இருப்பவை னகரமும் றகரமும் மட்டுமே. இடையில் ஒரு மெல்லிய வெடிப்பு கேட்கிறதல்லவா? நம் றகரத்தின் வரலாறு வேறு; ஆனால் அங்கே நாக்கு செய்யும் வேலை இதுவேதான்.

இந்தப் பெயர் மாவீரன் அலெக்சாந்தரைவிட மிகப் பழையது. கிரேக்கத்தின் மைசீனையில் கிடைத்த, கி.மு. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த களிமண் பலகை ஒன்றில் ‘அ-ரெ-க-ச-த-ர’ என்று ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டிய லீனியர் பி என்ற எழுத்து அது. அதில் லகரத்துக்கும் ரகரத்துக்கும் ஒரே குறி. மெய்யைத் தனித்து எழுத வழியில்லை. தகரத்துக்கு முன் வரும் னகரத்தை எழுதுவதும் இல்லை. இவற்றை ஈடுசெய்து படித்தால் ‘அலெக்சாந்திரா’ என்று வந்து நிற்கிறது. அதே நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் பேரரசன் இரண்டாம் முவத்தல்லி, விலூசா என்ற நாட்டின் அலக்சந்துவோடு ஓர் உடன்படிக்கை செய்தான். விலூசா என்பது டிராய் நகரம் என்றே அறிஞர்களில் பெரும்பாலோர் கொள்கிறார்கள். ஹோமரின் இலியத்திலும் டிராய் இளவரசன் பாரிஸுக்கு இன்னொரு பெயர் அலெக்சாந்திரோஸ். பாரிஸ் என்பதைவிட அந்தப் பெயரே அதில் அதிகம் வருகிறது.

ஒரு பெயர் ஒரே குடும்பத்தில் திரும்பத் திரும்ப வருவதற்கும் காரணம் உண்டு. மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது கிரேக்க வழக்கம். பெயரன் என்ற சொல்லைப் பேரன் ஆக்கிக்கொண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாசிடோனிய அரச குடும்பத்தில் தாத்தா, பெரியப்பா என்று உறவுகளின் பெயர்கள் சுழன்று வந்தன. நாம் மாவீரன் என்று சொல்லும் அலெக்சாந்தர், கி.மு. 356-இல் பிறந்து அங்கே அரசரான மூன்றாம் அலெக்சாந்தர். அவருடைய பெரியப்பாவே இரண்டாம் அலெக்சாந்தர்.

மாவீரன் இறந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின், உத்தராகண்டில் யமுனைக் கரையில் உள்ள கால்சியின் பாறையில் அசோகரின் பதின்மூன்றாம் கல்வெட்டு வெட்டப்பட்டது. மேற்கே ஆண்ட கிரேக்க அரசர்களை அது பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. கடைசியாக வருபவர் ‘அலிக்யஷுதலே’. எபிரஸ் நாட்டு அலெக்சாந்தரோ கொரிந்து நகரத்து அலெக்சாந்தரோ, இருவரில் ஒருவர். அந்தப் பகுதிக் கல்வெட்டு மொழியில் ரகரத்துக்குப் பதில் லகரம் வரும். ‘ராஜா’ கூட ‘லாஜா’தான். மைசீனையில் லகரம் ரகரமாக எழுதப்பட்டது. ஆயிரம் ஆண்டு கழித்துக் கால்சியில் ரகரம் லகரமானது. இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெயரை அடுத்துத் தெற்கே திரும்பும் கல்வெட்டு முதலில் சொல்வது ‘சோட பம்டியா’, அதாவது சோழரையும் பாண்டியரையும்.

சிக்கந்தருக்கு வருவோம். அரபியில் ‘அல்’ என்பது, ஆங்கிலத்தின் ‘the’ போல, பெயர்களுக்கு முன்னால் வரும் சுட்டு. அலெக்சாந்தர் என்ற பெயரைக் கேட்ட அரபுக் காது, முதலில் உள்ள ‘அல்’ பெயரின் உறுப்பு அல்ல, சுட்டுதான் என்று பிரித்துக்கொண்டது. ‘க்ஸ்’ இடம் மாறி ‘ஸ்க்’ ஆனது. விசிறி சிவிறி ஆனதும் தசை சதை ஆனதும் இதே வகைதான். எழுத்து நிலைமாறுதல் என்று நம் இலக்கணக்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். இப்படி அல்-இஸ்கந்தர் பிறந்தார். அலெக்சாந்திரியா நகரமும் அல்-இஸ்கந்தரியா ஆனது. பாரசீகத்தில் ‘அல்’ என்ற சுட்டு கிடையாது. அங்கே பெயர் இஸ்கந்தர் என்றும் சிக்கந்தர் என்றும் நின்றது. டெல்லியை ஆண்ட அலாவுதீன் கில்ஜி தன் நாணயங்களில் ‘இரண்டாம் சிக்கந்தர்’ என்று பொறித்துக்கொண்டார். 14-ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தான்களில் கடைசியாக ஆண்டவர் பெயரும் சிக்கந்தர் ஷா.

இப்போது அந்த வருகைப் பதிவேட்டை மறுபடியும் பாருங்கள். ஒருவன் பெயரில் ‘ந்த’, மற்றவன் பெயரில் ‘ண்ட’. பாரசீகத்தின் தகரம் பல்லில் நாக்குப் பட்டு ஒலிப்பது. அதை நாம் தகரமாகவே எழுதினோம். ஆங்கிலத்தில் நாக்கு பல்லைத் தொடாமல் சற்றுப் பின்னே மேலண்ணத்தைத் தொடுகிறது. தமிழ்க் காதுக்கு அது டகரமாகவே கேட்கிறது. எந்த வழியாகப் பெயர் நம்மிடம் வந்தது என்பதை ஒரே ஓர் எழுத்து சொல்லிவிடுகிறது. எனக்கு இதைவிட அழகான சான்று தெரியவில்லை.

மேற்கே போன கிளைகளும் இப்படித்தான். ஹங்கேரியில் ஷாண்டோர், ரஷ்யாவில் செல்லமாக சாஷா, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் அலஸ்டர். ஸ்காட்லாந்தில் 1107-க்கும் 1286-க்கும் இடையில் மூன்று அலெக்சாந்தர்கள் அரசாண்டார்கள். அதன்பின் அது அந்நாட்டுச் சொந்தப் பெயராகவே ஆகிவிட்டது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் அந்த மண்ணில் பிறந்தவர்தான்.

1847-இல் எடின்பரோவில் பிறந்த இன்னொரு சிறுவனின் தாத்தா அலெக்சாண்டர் பெல். அப்பா அலெக்சாண்டர் மெல்வில் பெல். அவனும் அலெக்சாண்டர் பெல் என்றே வளர்ந்தான். தனக்கென்று ஒரு நடுப்பெயர் வேண்டும் என்று கேட்டு, பதினோராம் பிறந்தநாளில் ‘கிரகாம்’ என்பதைப் பெற்றுக்கொண்டான். அப்பா மெல்வில், நாக்கும் உதடும் தொண்டையும் நிற்கும் நிலையையே எழுத்தாக வரையும் முறை ஒன்றை 1867-இல் நூலாக வெளியிட்டவர். மேடையில் அதைச் செய்து காட்டும்போது மகன்களை வெளியே அனுப்பிவிடுவார். கூட்டத்தில் ஒருவர் எந்த மொழிச் சொல்லையோ, விநோதமான ஓர் ஒலியையோ எழுப்புவார். அப்பா அதைத் தன் குறிகளால் பலகையில் எழுதுவார். பையன்கள் உள்ளே வந்து, தாங்கள் கேட்டே இராத அந்த ஒலியைப் படித்து, அப்படியே திரும்ப ஒலித்துக் காட்டுவார்கள்.