பூட்டிய லிஸ்டுக்கும் பின்வாசல் உண்டு

ஜாவா நிரல்மொழியில் ஒரு லிஸ்டுக்கு (வரிசையாக அடுக்கிய பட்டியலுக்கு) முன்னால் ‘ஃபைனல்’ என்று எழுதிவிட்டால் இனி யாரும் அதைத் தொட முடியாது என்று புதிதாகக் கற்பவர்கள் பலர் நம்புகிறார்கள். அந்தச் சொல் பெயரை மட்டுமே கட்டிப்போடுகிறது. அந்தப் பெயருக்கு வேறொரு லிஸ்டைக் கொடுக்க முடியாது, அவ்வளவுதான். உள்ளே ‘ஆட்’ போட்டுப் புதிதாகச் சேர்க்கலாம், ‘கிளியர்’ போட்டு மொத்தத்தையும் காலி செய்யலாம்.

உள்ளடக்கத்தைப் பூட்ட 1998இல் ஜாவா 1.2 கொண்டுவந்த வழி, ‘கலெக்‌ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்ட்’. இது நகல் எடுப்பதில்லை. பழைய லிஸ்டின் மேல் ஓர் உறையை மாட்டுகிறது. ‘கெட்’, ‘சைஸ்’ போன்ற கேள்விகளை உறை அப்படியே உள்ளே அனுப்பும். ‘ஆட்’, ‘செட்’, ‘ரிமூவ்’ வந்தால் ‘அன்சப்போர்ட்டட் ஆபரேஷன் எக்ஸப்ஷன்’ என்ற பிழையை வீசும்.

சிக்கல் இங்கேதான். ‘ஆர்டர்’ என்றொரு கிளாஸ், அதற்குள் பேனா, நோட்டு இரண்டும் உள்ள ஓர் அரேலிஸ்ட் (மாற்றக்கூடிய சாதாரண லிஸ்ட்). கேட்பவர்களுக்கு அதை உறை போட்டுக் கொடுக்கிறோம். வாங்கியவர் ஸ்கேலைச் சேர்க்கப் பார்த்தால் எக்ஸப்ஷன் வரும். சரி. ஆனால் ஆர்டரே தன் அரேலிஸ்டில் ஸ்கேலைச் சேர்த்தால்? வாங்கியவர் கையில் இருக்கும் ‘மாறாத’ லிஸ்டின் சைஸ் 2இலிருந்து 3 ஆகிவிடும். அவர் அந்த நேரத்தில் ஃபார் லூப்பில் பாதி வழியில் இருந்தால், ‘கன்கரண்ட் மாடிஃபிகேஷன் எக்ஸப்ஷன்’ அவர் தலையில் விழும்; அவர் எதையும் மாற்றவே இல்லை. ஒரு லிஸ்டை யார் மாற்றக்கூடாது என்பதோடு, மூல லிஸ்ட் யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

2017இல் ஜாவா 9 தந்த ‘லிஸ்ட்.ஆஃப்’ இந்தப் பின்வாசலை அடைக்கிறது. உறுப்புகளைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறது. ஓரிரண்டு உறுப்புகள் என்றால் அரேகூட இல்லாமல் நேரடியாக ஃபீல்டுகளிலேயே வைத்துவிடும் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘நல்’ (எதுவும் இல்லை என்பதன் குறி) மட்டும் ஆகாது. ‘நல் இருக்கிறதா’ என்று ‘கன்டெயின்ஸ்’ மூலம் கேட்டாலே எக்ஸப்ஷன்தான். வெளியிலிருந்து வரும் லிஸ்டுக்கு ஜாவா 10இன் ‘லிஸ்ட்.காப்பிஆஃப்’ பொருத்தம். ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரின் முதல் வேலையாக இதைச் செய்துவிடுவது நல்லது. அப்புறம், நகல் எடுப்பதால் வேகம் குறையுமே என்று ஒவ்வொரு முறையும் கவலைப்பட வேண்டியதில்லை: வந்ததே ‘லிஸ்ட்.ஆஃப்’ தந்த லிஸ்டாக இருந்தால் பொதுவாக அதையே திருப்பித் தந்துவிடும்.

இவை எல்லாமே தவறை ஓடும்போதுதான் பிடிக்கின்றன. ‘ஆட்’ என்ற மெத்தட் லிஸ்ட் இன்டர்ஃபேஸிலேயே இருப்பதால், ஓடும் முன்பே நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் வாய் திறக்காது. இது ஜாவா வடிவமைப்பின் பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று: பூட்டு லிஸ்டுக்குத்தான், உறுப்புகளுக்கு இல்லை. ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்றால் பயமில்லை, அது தானே மாறாதது. மாற்றக்கூடிய எழுத்துத் தொடர்களான ஸ்ட்ரிங்பில்டர்களை ‘லிஸ்ட்.ஆஃப்’இல் போட்டால், லிஸ்ட் அசையாமல் இருக்கும். ஒவ்வொன்றின் எழுத்துகளையும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அங்கே உறுப்பின் கிளாஸையே மாறாததாக எழுத வேண்டும்.