90 சதவீதம் ஏன் குறி தப்புகிறது?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எக்ஸ்காம் ஆடுறேண்ணா. ஏலியன் பக்கத்துலயே நிக்கிறான், 90 பர்சென்ட்னு காட்டுது, சுட்டா மிஸ்ஸு. ஃபயர் எம்ப்ளம்ல 90 காட்டுனா அடி கரெக்டா விழுது. எக்ஸ்காம் டுபாக்கூரா?"

இரண்டுமே ஆட்களை முறை வைத்து நகர்த்திச் சண்டை போடும் வீடியோ கேம்கள். திரையில் காட்டும் சதவீதம், அடி படுவதற்கான வாய்ப்பு. எக்ஸ்காம் டுபாக்கூர் இல்லை. டுபாக்கூர் வேலை பார்ப்பது ஃபயர் எம்ப்ளம்தான்.

2012இல் வந்த எக்ஸ்காமில், அதுவும் கிளாசிக் என்ற கடினமான நிலையில் ஆடினால், கணக்கில் ஒளிவுமறைவு கிடையாது. தொடக்கமாக ஓர் எண்ணை (விதை எண்) எடுத்துப் பெருக்கி, கூட்டி, வகுத்து மீதி காண்பது போன்ற வழிகளில் கணினி அடுத்தடுத்த எண்களை உருவாக்கும். வந்த எண் 90க்குக் கீழே இருந்தால் குண்டு படும், இல்லையென்றால் படாது. சேவ் செய்த இடத்திலிருந்து திரும்ப லோடு செய்து அதே குண்டைச் சுட்டாலும் மறுபடி மிஸ் ஆகிறதே, அது சதி இல்லை. விதை எண்ணும் சேர்ந்தே சேவ் ஆகியிருக்கிறது. 90 சதவீதத்தில் பத்து முறை சுட்டால் பத்தும் பட வாய்ப்பு 35 சதவீதம்தான். சரி, இது பள்ளிக் கணக்கு.

எனக்குப் பிடித்த இடம் ஃபயர் எம்ப்ளம். 2002இல் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த பாகத்தில் தொடங்கி, அந்த வரிசையில் பல பாகங்கள் ஒன்றுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் சராசரியைப் பார்க்கின்றன. சராசரி எடுத்தால் என்ன ஆகும்? தாயக்கட்டையைக் கேளுங்கள்.

தண்டையார்பேட்டைத் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடும் அதே பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். கூட்டுத்தொகை மூன்று வர நான்கு வழி. தாயம் வர இரண்டு, ஐந்துக்கும் இரண்டு. ஆறுக்கு ஒரே வழி, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் ஒரே வழி. மறு ஆட்டம் கிடைப்பது எதற்கெல்லாம்? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. அபூர்வமாக விழும் இந்த நான்கு எண்களுக்கும்தான் பரிசு! இந்த விதியை வகுத்தவர் யாரோ, நிகழ்தகவு அவருக்குக் கைவந்த கலை.

ஃபயர் எம்ப்ளத்தில் நடப்பதும் இதுவே. கட்டைக்கு நான்கு பக்கம் இல்லை, 0 முதல் 99 வரை நூறு பக்கம். மொத்தம் 10,000 ஜோடிகள். 90 காட்டும் அடி தவற, சராசரி 90ஐ, அதாவது இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 180ஐத் தொட வேண்டும். ஒன்று 99 என்றால் மற்றது 81க்குக் குறையக் கூடாது: 19 ஜோடி. ஒன்று 98 என்றால் 18 ஜோடி. இப்படியே இறங்கிக் கூட்டினால் 190தான் தேறும். ஆக, திரையில் 90, உள்ளே 98.1. திரையில் 75 என்றால் 87.75. எதிரி நம்மை அடிக்க 10 காட்டினால் நிஜத்தில் 2.1தான். பெரும்பாலும் நம் ஆட்களுக்கு 50க்கு மேலும் எதிரிக்கு அதற்குக் கீழும் காட்டுவதால் லாபம் நம் பக்கம்.

ஏன் இந்தப் பொய்? சிவிலைசேஷன் என்ற வீடியோ கேமைப் படைத்த சிட் மையர் 2010இல் ஒரு மாநாட்டில் சொன்னார்: மூன்றுக்கு ஒன்று பலத்தோடு போய்த் தோற்றால், அநியாயம் என்றே ஆட்டக்காரர்கள் கொதிக்கிறார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, ஆட்டத்தை உருவாக்குகிறவர்கள் கணக்கையே வளைக்கிறார்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. கட்டையை ஊதிப் போட்டால் தாயம் விழும், இந்த ராசிக்கு இந்த மாதம் ஜெயம் என்று நம்புகிற ஊரில், வாய்ப்பு என்றால் என்னவென்று முகத்தில் அடித்துச் சொல்லும் ஆட்டம்தான் தேவை. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் நிகழ்தகவு கடைசிப் பாடம். பரீட்சை அவசரத்தில் ஓடிவிடும். எக்ஸ்காம் அதை நிதானமாகவே நடத்துகிறது.

அப்புறம் தம்பி, கையெறி குண்டுக்குச் சதவீதமே கிடையாது, எட்டும் தூரத்தில் போட்டால் போட்டதுதான். ஏலியனுக்கு இரண்டு மூன்று உயிர்ப்புள்ளி மட்டும் பாக்கி இருந்தால், 90ஐ நம்பாமல் அதை வீசுங்கள்.