ஆறு விநாடிக்கு ஒரு டிகிரி

ஊட்டியில் ஜனவரி மாதத்து விடியற்காலையில் புல்வெளி முழுவதும் உறைபனி படிந்திருக்கும். அதே நாள் நண்பகலில் வெளியே 20 டிகிரி செல்சியஸ் இதமாக இருக்க, மூடிக் கிடக்கும் பாலிதீன் பசுமைக்குடிலுக்குள் தக்காளிச் செடி வாடித் தலை சாய்ந்திருக்கும். வீட்டுத் தோட்டத்தில் ஆசைக்காகக் கட்டிய சிறிய குடில்களில்தான் இந்த ஆபத்து மிக அதிகம். அதற்குக் காரணம் ஒரு சிறு கணக்கில் தெளிவாகிவிடும்.

மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் கொண்ட குடிலில் 12 கன மீட்டர் காற்று இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்று மெலிந்திருப்பதால், அதன் எடை 11 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். உச்சி வெயிலில் அந்த ஆறு சதுர மீட்டர் தரையின் மேல் ஏறக்குறைய 6 கிலோவாட் சூரிய ஆற்றல் விழுகிறது. பெரும்பங்கை மண்ணும் இலைகளும் எடுத்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கு மட்டும் காற்றைச் சூடாக்குகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஆறு விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் வெப்பம் ஏறும். சுவர் வழியாக வெளியேறும் வெப்பம் இந்த வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். மேகம் விலகிய பத்தே நிமிடங்களில் குடிலின் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. வேலைக்குப் போகிற ஒருவர் ஓடிவந்து கதவைத் திறந்து சமாளிக்கக்கூடிய வேகம் இல்லை இது. அதனால்தான் தானியங்கிக் கட்டுப்பாடு தேவைப்படுகிறது.

கண்ணாடியோ பாலிதீனோ வெப்பக் கதிர்களைச் சிறைப்பிடிப்பதால்தான் குடில் சூடாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1909-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், இன்னொன்றை வெப்பக் கதிர்களைத் தடுக்காத பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சூடாயின. சூடான காற்று மேலெழுந்து போகாமல் அடைபடுவதே முக்கியக் காரணம் என்று அவர் முடிவுசெய்தார். இதிலிருந்து தோட்டக்காரருக்குக் கிடைக்கும் பாடம் நேரடியானது: அடைபட்ட காற்றை வெளியேற்றினால் வெப்பம் இறங்கும். நிமிடத்துக்கு ஒருமுறை குடிலின் காற்று முழுவதும் மாறும்படி எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால், மேலே சொன்ன கணக்கின்படி உள்வெப்பம் வெளிவெப்பத்தைவிடச் சுமார் 10 டிகிரிதான் கூடுதலாக இருக்கும். வெளியே 20 என்றால் உள்ளே 30. தக்காளி அதைத் தாங்கும். 35 டிகிரியைத் தாண்டி நீடித்தால்தான் மகரந்தம் கெட்டுப் பூ உதிரத் தொடங்கும்.

ஃபேன் எப்போது ஓட வேண்டும் என்று முடிவெடுக்க, வெப்பநிலை சரியாகத் தெரிய வேண்டும். பெரும்பாலான வீட்டு அமைப்புகள் தடுமாறுவது இங்கேதான் என்பது என் கருத்து. சர்க்யூட்டையும் நிரலையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள், சென்சாரை வெயில் நேரே விழும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுவிடுகிறார்கள். வெயிலில் தொங்கும் சென்சார் காற்றின் வெப்பத்தைக் காட்டாது. வெயில் குடித்துச் சூடான தன் உடலின் வெப்பத்தையே காட்டும். வித்தியாசம் பல டிகிரி வரை போகும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள் ஐந்தாறைக் கவிழ்த்து, இடைவெளி விட்டு நீண்ட திருகுகளால் அடுக்கி, நடுத்தட்டுகளில் துளையிட்டு உள்ளே சென்சாரை வைத்தால் போதும். நிழலும் கிடைக்கும், காற்றும் புகுந்து போகும். பழைய கம்ப்யூட்டரின் சிறு ஃபேன் ஒன்றை அதில் பொருத்திக் காற்றை இழுக்க வைத்தால் அளவு இன்னும் நம்பகமாகும். பகலில் கூரையின் உட்புறம் கூடுதல் சூடாக இருக்கும் என்பதால், இந்த அடுக்கைச் செடியின் நுனி உயரத்தில் தொங்கவிட வேண்டும்.

சென்சார்களில் என் தேர்வு டிஎஸ்18பி20. நீர் புகாத எஃகு உறையில் விலை மலிவாகவே கிடைக்கிறது. மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் துல்லியம் தரும். ஒவ்வொரு சென்சாருக்கும் 64 பிட் நீளத் தனி எண் இருப்பதால், ஒரே மூன்று கம்பி வடத்தில் மண்ணுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, வெளியே ஒன்று என்று பலவற்றைக் கோக்கலாம். தகவல் கம்பிக்கும் மின் கம்பிக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று அவசியம். ஈரப்பதத்துக்கு எஸ்எச்டி31 போன்ற வேறொரு சென்சார் வேண்டும்.

வாங்கியதும் சோதித்துப் பார்ப்பது நல்லது. நொறுக்கிய பனிக்கட்டியில் சிறிது நீர் விட்டுக் கலக்கி, அதில் சென்சாரைச் சில நிமிடம் அமிழ்த்தினால் பூஜ்யம் காட்ட வேண்டும். கொதிநீரை 100 டிகிரிக்கான அளவுகோலாக ஊட்டியில் நம்பக் கூடாது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பனி உருகும் வெப்பநிலையோ உயரத்தால் மாறுவதில்லை.

இஎஸ்பி32 போன்ற ஒரு சிறு மைக்ரோகண்ட்ரோலர், அதாவது நிரலை ஏற்றி இயக்கும் சில்லு, இந்த அளவுகளை வாங்கி, ஃபேனுக்கான மின்சுவிட்சாகிய ரிலேயை இயக்கும். விதி எளிது என்று தோன்றும்: 28 டிகிரிக்கு மேல் போனால் ஃபேன் ஓடட்டும், கீழே இறங்கினால் நிற்கட்டும். இப்படி எழுதினால் 28.1, 27.9, 28.1 என்று அளவு ஊசலாடும்போதெல்லாம் ரிலே டக் டக்கென்று அடித்து, மோட்டாரையும் தன் முனைகளையும் தேய்த்துவிடும். ஆகவே இரண்டு எல்லைகள் வேண்டும். 28-இல் தொடங்கி 25-இல் நிற்க வேண்டும். இடையில் இருக்கும்போது முன்பு இருந்த நிலையே தொடர வேண்டும். ஹீட்டருக்கும் அப்படியே: 5-இல் தொடங்கி 7-இல் நிற்கட்டும். இரண்டு கருவிகளின் எல்லைகளும் ஒன்றையொன்று நெருங்கவே கூடாது.

நிரலில் இன்னொரு காவலும் தேவை. டிஎஸ்18பி20 மின்சாரம் பெற்றவுடன், முதல் அளவை எடுக்கும்வரை 85 என்று காட்டும். கம்பி அறுந்தால், சென்சாரைப் படிக்க வழக்கமாகப் பயன்படும் நிரல்தொகுப்பு மைனஸ் 127 என்று சொல்லும். இதை உண்மையென்று நம்பும் நிரல், நல்ல வெயிலில் ஹீட்டரைப் போட்டுவிடும். மூன்று முறை அளந்து நடு அளவை எடுப்பதும், நடக்கவே முடியாத எண்களைத் தள்ளிவிடுவதும், சென்சார் செத்துப்போனால் ஹீட்டரை நிறுத்துவதும் சில வரிகளில் முடிகிற வேலை. ஆனால் அந்தச் சில வரிகளில்தான் செடிகளின் உயிர் இருக்கிறது.

இரவின் கதை வேறு. சாதாரண பாலிதீன் வெப்பக் கதிர்களைப் பெருமளவு வெளியே விட்டுவிடும். மேகமற்ற, காற்றில்லாத இரவில் குடிலுக்குள் வெளியைவிடச் சற்றுக் குளிராகக்கூட ஆகிவிடலாம். ஹீட்டர் வாங்கும் முன் 200 லிட்டர் டிரம் ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, நீர் நிரப்பி வெயில் படும் பக்கம் நிறுத்துங்கள். குடிலின் மொத்தக் காற்றைவிட எழுபது மடங்குக்கு மேல் அது வெப்பத்தைத் தாங்கி வைக்கும். இரவில் அந்த நீர் 10 டிகிரி குளிர்ந்தால் இரண்டு யூனிட் மின்சாரத்துக்கும் அதிகமான வெப்பத்தைக் காற்றுக்குத் தந்திருக்கும். பகலில் வெப்பம் ஏறும் வேகத்தையும் அதுவே கொஞ்சம் மட்டுப்படுத்தும்.

விடியலில் ஈரம்தான் எதிரி. சூரியன் எழுந்ததும் காற்று விரைவில் சூடாகிவிடும், காயும் தடித்த தண்டும் குளிர்ந்தே இருக்கும். அவற்றின்மேல் பனித்துளி படிந்தால் சாம்பல் பூசணம் பற்றிக்கொள்ளும். ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும்போது ஃபேனைச் சில நிமிடம் ஓட்டலாம். குளிர்ந்த வெளிக்காற்று ஈரமாகத் தோன்றினாலும் அதிலுள்ள நீராவி குறைவு. உள்ளே வந்து சூடானதும் அது உலர் காற்றாகிவிடும்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு ஹீட்டர் தேவையே இல்லை. நிழல்வலையும் பனிமூட்டமாக நீர் தெளிக்கும் ஃபாகரும் போதும். ஆனால் ஃபாகர் எவ்வளவு குளிர்விக்கும் என்பதைக் காற்றின் ஈரமே தீர்மானிக்கிறது. கோயம்புத்தூரில் 36 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் சுமார் 23 வரை இறக்க வாய்ப்பு உண்டு. சென்னையில் 34 டிகிரி, 65 சதவீதம் என்றால் 28-க்குக் கீழே போகவே போகாது. அங்கே ஃபாகரை ஓடவிட்டால் வேர் அழுகலும் பூசணமும்தான் மிஞ்சும். எனவே ஃபாகரின் விதியில் ஈரப்பத எல்லையும் இருந்தாக வேண்டும்.

ஈரமான இடத்தில் 230 வோல்ட் மின்சாரம் விளையாட்டல்ல. மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும், நீர் புகாத பெட்டியும், முறையான எர்த்தும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். வடங்கள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி வளைந்து ஏறட்டும். வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். நீல நிறச் சிறு ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும் ஹீட்டரை அதில் நேரடியாக மாட்டாமல், அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய மின்சுவிட்சாகிய கான்டாக்டர் வழியாக இணையுங்கள்.

மின்சாரம் போய்விட்டால் இவை எதுவும் இயங்காது, அது நண்பகலாகவும் இருக்கலாம். அதற்கு மெழுகு உருளை இருக்கிறது. உலோக உருளைக்குள் அடைத்த மெழுகு சூடாகி உருகும்போது பத்து சதவீத அளவுக்குப் பருத்து ஒரு தண்டைத் தள்ளும். அந்தத் தண்டு கூரைச் சன்னலைத் திறக்கும். குளிர்ந்ததும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். மெழுகு சூடாகச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் திடீர் வெயிலுக்கு அது மட்டும் போதாது, ஃபேனும் வேண்டும். உருளையை 22 டிகிரியில் திறக்கத் தொடங்கும்படி திருகி வைத்து, ஃபேனின் எல்லையை 28-இலேயே விட்டுவிட்டால், மிதமான வெயிலுள்ள நாட்களில் ஃபேன் ஓட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.