ஏழடி வீட்டின் கணக்கு வழக்கு

இரவு இரண்டு மணி. குழாய்கள் எல்லாம் மூடியிருக்கின்றன. திடீரென்று எங்கோ ஒரு பம்பு ‘டர்ர்’ என்று இரண்டு விநாடி ஓடி நிற்கிறது. கரையில் இருக்கும் வீடென்றால் யாரும் புரண்டுகூடப் படுக்க மாட்டார்கள். கால்வாய்ப் படகில் குடியிருப்பவர் எழுந்து டார்ச்சைத் தேடுவார். குழாய்க்குள் அழுத்தம் குறைந்தால் தானாக ஓடும் பம்பு அது. யாரும் திறக்காமலே ஓடுகிறது என்றால் ஏதோ ஒரு இணைப்பு கசிகிறது. கசியும் தண்ணீர் படகின் அடிவயிற்றில்தான் போய்ச் சேரும்.

இங்கிலாந்துக் கால்வாய்களில் இப்படி வீடாக ஓடும் படகை நேரோபோட் என்கிறார்கள். நீளம் எழுபதடி வரை போகும். அகலம் மட்டும் ஏழடிக்குச் சற்றுக் குறைவு. நம் ரயில் பெட்டியே இதைவிட அகலம். 1766-இல் டிரெண்ட்–மெர்சி கால்வாய் வேலை தொடங்கியபோது ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் போட்ட கணக்கு இது. படகு மேடேறி இறங்க, இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டிகள் வேண்டும். லாக் என்று பெயர். ஒரு படகு ஒரு முறை கடந்தால் மேலேயிருந்து ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே போய்விடும். தொட்டி அகலமானால் செலவாகும் தண்ணீரும் கூடும், மலைக்குள் குடையும் சுரங்கமும் பெரிதாகும். ஏழடி போதும் என்று முடிவானது. அந்தக் காலத்து நிலக்கரிப் படகுகள் போய்விட்டன. ஏழடி மட்டும் அப்படியே நிற்கிறது. இன்றைக்கு அதற்குள் கட்டில், குளியலறை, சமையலறை எல்லாம் வரிசையாக அடங்க வேண்டும்.

இடப்பற்றாக்குறை சீக்கிரம் பழகிவிடும். கணக்குப் பார்ப்பதுதான் ஓயாத வேலை. இந்த வீட்டுக்கு மின்வாரியமும் குடிநீர் வாரியமும் நீங்களேதான்.

முதலில் கரண்ட். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி தனியாக இருக்கும். அதை வீட்டு உபயோகத்துக்குத் தொடக்கூடாது. விளக்கு, பம்பு, ஃபிரிட்ஜுக்கு வேறு பேட்டரிகள். 110 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் வீதம் 110 மணி நேரம்) கொண்டவை நான்கைக் கூட்டினால் 440. ஆனால் ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் நிஜத்தில் கையில் இருப்பது 220. இந்த 12 வோல்ட்டில் 2,000 வாட் மின்கெட்டிலை இன்வெர்ட்டர் வழியாகப் போட்டால் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். படகுக்காரர்கள் விசில் அடிக்கும் கெட்டிலைக் கேஸ் அடுப்பில் வைப்பது பழமைப் பற்றினால் அல்ல.

சரி, காலியானதை எஞ்சினை ஓட்டி நிரப்பிவிடலாமே? முக்கால்வாசி வரை வேகமாக ஏறும். பேட்டரி கரண்ட் கொடுக்கும்போது ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏற்றினால் அது திரும்பக் கரைகிறது. கடைசி இருபது சதவீதத்தில் கரைய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அது மெதுவாகத்தான் கரையும். பேட்டரி வாங்கிக்கொள்ளும் கரண்ட் சுருங்கிக்கொண்டே வரும். எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சும்மா மணிக்கணக்கில் ஓட வேண்டியதுதான். டீசல் செலவைப் பார்த்து தினமும் பாதியிலேயே நிறுத்துகிறவரின் பேட்டரியில் கரையாத சல்பேட் கெட்டிப் படிகமாக இறுகிவிடும். ஒரே குளிர்காலத்தில் புது பேட்டரிகளைக் கொன்றவர்கள் உண்டு. லித்தியம் பேட்டரிக்கு இந்தத் தொல்லை இல்லை. விலைதான் வேறு தொல்லை. எஞ்சின் ஓடுவதில் ஒரு லாபமும் உண்டு. அதன் சூடான குளிர்விப்பு நீர், வெந்நீர்த் தொட்டிக்குள் இருக்கும் சுருள்குழாய் வழியாகப் போகிறது. குளிக்க வெந்நீர் இலவசம்.

கூரையில் சூரியத் தகடுகள் கோடையில் போதும். டிசம்பரில் பர்மிங்ஹாம் பக்கம் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 14 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரையில் படுக்கைவசமாகக் கிடக்கும் தகட்டின் மேல் நேர்வெயிலில் கால் பங்குதான் விழும். அதுவும் மேகம் இல்லாத நாளில். அப்படி எத்தனை நாள் வாய்க்கும்?

தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் முன்பக்கம், நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் இடத்தில் இருக்கும். ஐந்நூறு லிட்டர் என்றால் அரை டன். செலவாக ஆக அணியம் மெல்ல மேலே எழும்பும். பழகியவர்கள் கரையில் நின்று படகின் சாய்வைப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவார்கள். கழிவறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: இருபது லிட்டர் அளவில் ஒரு பெட்டி, நிரம்பியதும் கழற்றித் தூக்கிக்கொண்டு போய் அதற்கென்று இருக்கும் இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். படகு வாழ்க்கையின் அழகைப் படம் போடுகிறவர்கள் யாரும் இதைப் போடுவதில்லை.

வேண்டாத தண்ணீரும் ஒன்று உண்டு. அடுப்புக் கேஸான புரோபேன் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் நீராவியாகிறது. ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர். 13 கிலோ சிலிண்டர் தீர்வதற்குள் இருபது லிட்டருக்கு மேல் தண்ணீரை அறைக்குள் விட்டிருக்கும். மூச்சும் குளியலும் தனி. 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குப் பதினேழு கிராம் ஈரம் தாங்கும். 5 டிகிரியில் ஏழுதான். அந்தக் காற்று சில்லிட்ட ஜன்னல் சட்டத்தைத் தொட்டதும் மிச்சத்தைத் துளித்துளியாக விட்டுவிடுகிறது. மெத்தையின் அடியிலும் அலமாரியின் பின்னாலும் பூஞ்சை. மருந்து என்னவோ எளிது: குளிரிலும் காற்றோட்டத் துளைகளை அடைக்காதே. நடுங்குகிறவருக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். ஆனால் கரி அடுப்பு எரியும் சிறிய அறையில் துளைகளை அடைத்தால் ஈரத்தைவிடப் பெரிய எதிரி கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. அதைக் கண்டு அலறும் கருவி 2019 முதல் படகுகளில் கட்டாயம்.

அடுப்புக் கேஸிலும் ஒரு ஆபத்து உண்டு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டியை அறையோடு தொடர்பில்லாமல் அடைத்து, அதன் அடியில், நீர்மட்டத்துக்கு மேலே, வெளிப்பக்கமாக ஓட்டை விடுகிறார்கள். கசிவது தானாகவே வழிந்து கால்வாய்க்குப் போய்விடும். ஒரு ஓட்டையை வைத்து இவ்வளவு பெரிய ஆபத்தைத் தீர்த்தவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நிரந்தர இடம் வாடகைக்கு எடுக்காதவர்கள் ஓரிடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். வேக வரம்பு மணிக்கு நான்கு மைல். வேகமாக நடக்கிறவர் கூடவே வந்துவிடுவார். ஆனால் அந்த மெதுவான பயணத்திலேயே பேட்டரி ஏறும், வெந்நீர் கிடைக்கும், வழியில் தண்ணீரும் பிடித்துக்கொள்ளலாம்.

நிரந்தர இடத்தில் கட்டி, கரை மின்சாரம் வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் குறையும். அங்கே வேறு ஒன்று தொடங்குகிறது. கரை ஒயரில் இருக்கும் எர்த் கம்பி உங்கள் படகின் எஃகையும் பக்கத்துப் படகின் எஃகையும் இணைத்துவிடுகிறது. நடுவில் கால்வாய்த் தண்ணீர். இரண்டு உலோகம், ஒரு கம்பி, ஒரு கரைசல்: பள்ளிக்கூடத்தில் செய்த அதே மின்கலம். படகின் பக்கவாட்டில் மக்னீசியக் கட்டிகளை வெல்டிங் செய்து ஒட்டியிருப்பார்கள். எஃகுக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே இருப்பவை. பக்கத்துப் படகில் அவை தீர்ந்துபோயிருந்தால் உங்கள் மக்னீசியம் அந்தப் படகையும் சேர்த்துக் காப்பாற்றி, தன் காலத்துக்கு முன்பே தீர்ந்துபோகும். அப்புறம் உங்கள் எஃகின் முறை. இதைத் தடுக்க எர்த் கம்பியில் கால்வனிக் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டி போடுகிறார்கள். அரிக்கும் சிறு மின்னழுத்தத்தை அதிலுள்ள டயோடுகள் மறித்துவிடும். நிஜமான மின்கசிவு வந்தால் மட்டும் விடும்.

இது எதுவும் தண்ணீருக்கு மேலே தெரியாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, பாசி சுரண்டி, புதிதாகத் தார் பூசும்போதுதான் பார்க்க முடியும். படகை விற்கும்போதோ இன்சூரன்ஸ் கேட்கும்போதோ பரிசோதகர் ஒருவர் சுத்தியலும் மீயொலிக் கருவியும் கொண்டு அடிப்பாகமெல்லாம் தட்டித் தட்டி அளந்துகொண்டு போவார். பக்கச் சுவர் கட்டும்போது பெரும்பாலும் 6 மில்லிமீட்டர். உரிமையாளர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகக் கேட்பார்: 5.8, 5.7, 5.8. பிறகு ஏதாவது ஒரு இடத்தில் கருவி சற்றுத் தாமதிக்கும். பரிசோதகர் குனிந்து, அதே இடத்தை இன்னொரு முறை அளப்பார்.