நிதி கேட்கும் முன் பூங்காவை ஒரு வாரம் பாருங்கள்

பூங்கா வடிவமைப்பு என் தொழில். குடியிருப்போர் சங்கத்தினர் என்னிடம் வரும்போது பெரும்பாலும் கையில் ஒரு பட்டியல் இருக்கும்: ஊஞ்சல், சறுக்குமரம், உடற்பயிற்சிக் கருவிகள், விளக்குக் கம்பங்கள். "பணம் ஒதுக்கியாச்சு, வருஷம் முடியறதுக்குள்ள செலவு பண்ணணும், வரைபடம் மட்டும் போட்டுக் கொடுங்க" என்பார்கள். எனக்குக் கவலை அங்கேதான் தொடங்கும்.

அப்படி ஓர் அவசரத்தில் நானும் வரைபடம் கொடுத்திருக்கிறேன். காலியாகக் கிடந்த மூலையில் விளையாட்டுக் கருவிகளை வைத்தோம். அந்த மூலை ஏன் காலியாக இருந்தது என்பது முதல் மழையில்தான் புரிந்தது. பூங்காவின் தண்ணீரெல்லாம் அங்கே வந்துதான் தேங்கும். பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். நான் அவர்களிடம் கேட்கவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

அதனால் இப்போது முதலில் ஒரு வாரம் கேட்கிறேன். காலை, நண்பகல், பள்ளி விட்ட நேரம், இருட்டிய பின், ஒரு விடுமுறை நாள் என்று போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முடிந்தால் ஒரு மழைக்குப் பிறகும். புல்லில் கால்பட்டுத் தேய்ந்த ஒற்றையடித் தடம் இருந்தால் நடைபாதை போக வேண்டிய இடம் அதுதான். நண்பகலில் நிழல் எங்கே விழுகிறது? எந்த பெஞ்சில் யாருமே உட்காருவதில்லை? யார் வருகிறார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பது முக்கியம். பதின்வயதுப் பெண்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், இவர்களை வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டியிருக்கும்.

நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் அங்கே போதைப்பொருள் விற்பனை நடந்தது, மக்கள் உள்ளே போகவே அஞ்சினார்கள். பொது இடங்களில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்த வில்லியம் வைட் சொன்ன காரணம் எளிமையானது. பூங்கா தெருமட்டத்தைவிட உயரத்தில் இருந்தது, சுற்றிலும் புதர்வேலி, உள்ளே நடப்பது வெளியே தெரியாது. புதர்களை அகற்றி, வாசல்களைக் கூட்டி, விருப்பப்படி நகர்த்திக்கொள்ளும் நாற்காலிகளைப் போட்டு 1992இல் மீண்டும் திறந்தார்கள். கூட்டம் திரும்பி வந்தது.

அடுத்து, மண்ணுக்கு அடியில் இருப்பவை. மரவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே, சுமார் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும். கிளை விரிவையும் தாண்டிப் பரவியிருக்கும். விளக்குக் கம்பிக்காக அடிமரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டினால் மரம் உடனே சாகாது. சில ஆண்டுகள் கழித்துப் பட்டுப்போகும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. எனவே வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியவை மரங்களும் நிலத்தடிக் குழாய்களும்தான்.

அளவுகளையும் முன்பே பார்த்துவிடுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்வுப் பாதை 1:12க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது; 30 சென்டிமீட்டர் உயரம் ஏற 3.6 மீட்டர் நீளமாவது தேவை. இடம் இருக்கிறதா? விளையாட்டுக் கருவிகளில் பிள்ளைகள் அடிபடுவது பெரும்பாலும் கீழே விழுவதால்தான். ஆகவே கருவியின் விலையோடு அதற்கடியில் போடும் மெத்தென்ற தரையின் விலையும் சேர வேண்டும்.

பணம் தவணையாக வந்தாலும் திட்டம் முழுசாக இருக்கட்டும். வடிகால், குழாய், மின்கம்பி முதலில், அப்புறம் பாதை, செடிகளும் கருவிகளும் கடைசியில். இல்லாவிட்டால் போன வருஷம் போட்ட பாதையை இந்த வருஷம் உடைப்போம். கன்றுகளுக்கு யார் தண்ணீர் விடுவார்கள், பழுதை யார் பார்ப்பார்கள் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

ஒரு சங்கத்தினர் இதைப் பொறுமையாகச் செய்தார்கள். முதல் தவணைக்கு அவர்கள் கேட்டது வடிகாலும் ஒரு நடைபாதையும் மட்டும்தான். ஊஞ்சல் அடுத்த ஆண்டு வந்தது, தண்ணீர் தேங்காத மேட்டில், மரநிழலில்.