நூஷாட்டெல் வாட்சும் நிக்கல் எஃகும்

"சுவிஸ் வாட்ச் மட்டும் எப்படி அவ்வளவு துல்லியமாக ஓடுகிறது? அந்த ஊர்க் குளிர்தான் காரணமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குளிருக்குச் சம்பந்தம் உண்டு. ஆனால் வாட்சுக்கு அது எதிரி.

மேற்கு சுவிட்சர்லாந்தின் நூஷாட்டெல் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். கீழே 218 சதுர கிலோமீட்டருக்கு விரிந்த ஏரி, கரையில் திராட்சைத் தோட்டங்கள், பின்னால் ஜூரா மலை. மேலே ஏறினால் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் லா ஷோ-த-ஃபோன், பக்கத்திலேயே லெ லோக்ல். இரண்டும் வாட்ச் தொழிலுக்காகவே வளர்ந்த ஊர்கள் என்பதால் 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. பனிக்காலத்தில் வேலையில்லாத குடியானவர்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பல்சக்கரம் செய்தார்கள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் பனி நார்வேயிலும்தான் கொட்டுகிறது. ஊர் ராசி, மண்வாகு போன்ற விளக்கங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அங்கே என்ன அளந்தார்கள் என்று பார்ப்பதே மேல்.

சாவி கொடுக்கும் வாட்சுக்குள் பேலன்ஸ் சக்கரம் ஒன்று இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டே இருக்கும். அதைத் திருப்பி இழுப்பது மயிரிழைபோன்ற ஒரு சுருள்வில். ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பதை வில்லின் விறைப்பும் சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறனும் (அதாவது அதன் எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதும்) தீர்மானிக்கின்றன, பள்ளியில் படித்ததுதான். சிக்கல் வில்லில். சூடு ஏறினால் எஃகு விறைப்பை இழக்கிறது. சாதாரண எஃகு வில்லும் பித்தளைச் சக்கரமும் உள்ள வாட்ச், ஒரு டிகிரி சூட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 11 வினாடி பின்தங்கும். பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு நிமிடம்! குளிரில் அதே கணக்கில் முந்தும்.

பழைய கைவினைஞர்கள் இதற்கு ஓர் அழகான வழி வைத்திருந்தார்கள். சக்கரத்தின் விளிம்பை உள்ளே எஃகு, வெளியே பித்தளை என இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்து, இரண்டு இடத்தில் வெட்டிவிடுவார்கள். சூட்டில் பித்தளை அதிகம் விரியும். வெட்டிய முனைகள் உள்பக்கமாக வளையும். விளிம்பிலுள்ள குட்டித் திருகுகள் அச்சை நெருங்கும். சுழல் நாற்காலியில் சுற்றுகிறவர் நீட்டிய கையை மடக்கினால் வேகம் கூடுமே, அதேதான். வில் தளர்ந்ததைச் சக்கரம் ஈடுகட்டிவிடும்.

முழுதாக அல்ல. 0 டிகிரியிலும் 30 டிகிரியிலும் சரியாக ஓடும்படி திருகுகளை நகர்த்தி வைத்தால், நடுவே 15 டிகிரியில் நாளுக்கு இரண்டு வினாடி போல முந்தும். தளர்வும் ஈடும் ஒரே வளைவில் போவதில்லை. இரண்டு வினாடிதானே என்று விட்டுவிட முடியாத ஊர் அது. 1858இல் தொடங்கிய நூஷாட்டெல் வானாய்வகம் நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் கணித்து, தந்தி வழியாக வாட்ச் ஊர்களுக்கு அனுப்பியது. க்ரோனோமீட்டர்கள் எனப்படும் மிகத் துல்லியமான வாட்சுகளைச் சூட்டிலும் குளிரிலும் வைத்துச் சோதித்து மதிப்பெண் போட்டது.

விடை வந்த இடம் வாட்ச் பட்டறையே அல்ல. அதே மாநிலத்து ஃப்ளூரியே கிராமத்தில் 1861இல் ஒரு வாட்ச் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஷார்ல் எட்வார் கியோம், பாரிஸ் அருகே சர்வதேச எடை அளவைகள் பணியகத்தில் இருந்தார். ஒரு மீட்டர் என்பது எவ்வளவு என்று காட்டும் மீட்டர் கோல்கள் பிளாட்டினம்-இரிடியத்தில் செய்யப்பட்டவை, விலை யானை விலை. மலிவான மாற்று தேடி நிக்கல் எஃகுகளை ஒவ்வொன்றாகச் சூடாக்கி அளந்தவர், 1896இல் சுமார் 36 சதவீத நிக்கல் கலந்த இன்வாரைக் கண்டார். சூட்டில் அது விரிவது சாதாரண எஃகில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இங்கேதான் எனக்குச் சொக்கிப்போகிறது. இந்தக் கலவை தன் காந்தத்தன்மையாலேயே கொஞ்சம் உப்பியிருக்கிறது. சூடேறும்போது அணுக்களின் ஆட்டம் கட்டியை விரிக்கிறது. அதே சூடு காந்த ஒழுங்கைக் குலைப்பதால் அந்த உப்பலும் வடிகிறது. ஒன்று கூட்ட, மற்றது கழிக்கிறது.

நிக்கல் விகிதத்தை மாற்றி, பேலன்ஸ் விளிம்பின் எஃகுக்குப் பதிலாக வேறொரு கலவையை வைத்து, அந்த நடுப்பிழையையும் கியோம் ஏறக்குறைய ஒழித்தார். பிறகு சூட்டில் விறைப்பே மாறாத எலின்வார் என்ற இன்னொரு நிக்கல் கலவையைக் கொண்டு வில்லையே செய்தார்கள். வெட்டிய விளிம்பு தேவையற்றுப் போயிற்று. 1920க்கான இயற்பியல் நோபல் பரிசு அவருக்குத்தான். "இந்த ஆராய்ச்சியால் யாருக்கு லாபம்?" என்று ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் கேட்கிறவர்கள், கோல் அளக்கச் சம்பளம் வாங்கிய இந்த மனிதரை நினைத்துக்கொள்ளலாம்.

1960களில் நூஷாட்டெலில் சுவிஸ் கம்பெனிகள் கூட்டாக நடத்திய மின்னணு ஆய்வு மையம் 1967இல் குவார்ட்ஸ் கைக்கடிகார மாதிரியை உருவாக்கியது. பேலன்ஸ் சக்கரத்துக்குப் பதிலாக, மின்சாரத்தில் அதிரும் குவார்ட்ஸ் படிகம் நேரம் காட்டும் வாட்ச் அது. கடைக்கு முதலில் கொண்டுவந்தது ஜப்பானின் சீக்கோ, 1969 டிசம்பரில். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் வாட்ச் தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 90,000 என்பதிலிருந்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. வேறு நாடாக இருந்தால் ஆய்வகத்தை இழுத்துப் பூட்டியிருப்பார்கள். அங்கே அதை வேறு நிலையங்களோடு சேர்த்து 1984இல் சிஎஸ்இஎம் என்று பெரிதாக்கினார்கள். இன்றைய விலையுயர்ந்த வாட்சுகள் சிலவற்றில் இருக்கும் சிலிக்கான் சுருள்வில்லின் சூட்டுப் பிரச்சினையைத் தீர்த்தது அந்த ஆய்வகம்தான். சூட்டில் சிலிக்கான் தளரும், சிலிக்கான் டைஆக்ஸைடோ விறைக்கும். சிலிக்கான் வில்மேல் அந்த ஆக்ஸைடைச் சரியான தடிமனுக்குப் படியவிடுகிறார்கள், அவ்வளவுதான்.