பாஸ்-த்ரூ வருமானம்

அமெரிக்கச் சிறுதொழில் முதலாளிகளும் அவர்களுடைய கணக்காளர்களும் அடிக்கடி சொல்லும் சொல் இது. இந்த முறையில் லாபத்துக்கு நிறுவனம் கூட்டாட்சி வருமான வரி கட்டுவதில்லை. லாபம் பங்கு விகிதப்படி உரிமையாளர்களின் கணக்கில் ஏறும், அவரவர் தம் தனிநபர் விகிதத்தில் வரி கட்ட வேண்டும்.

சாதாரண கார்ப்பரேஷனுக்கு வரி இரண்டு முறை. முதலில் நிறுவனம் 21 சதவீதம் கட்டும். மிச்சத்தை ஈவுத்தொகையாகப் பிரித்தால் வாங்குபவரும் கட்டுவார். சிறு நிறுவனங்கள் இதிலிருந்து விலகிக்கொள்ள 1958இல் அந்நாட்டு வரிச் சட்டத்தில் 'சப்சாப்டர் எஸ்' சேர்ந்தது. 'எஸ் கார்ப்பரேஷன்' என்ற பெயர் அந்த உட்பிரிவின் எழுத்திலிருந்து வந்தது. 'ஸ்மால்' என்பதன் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பங்குதாரர் வரம்பு அப்போது 10, இப்போது 100. அமெரிக்கக் குடியுரிமையோ வரிச் சட்டப்படியான வசிப்புரிமையோ இல்லாமல் சென்னையில் இருக்கும் தம்பி பெயரில் ஒரு பங்கு எழுதினாலும் எஸ் தகுதி போய்விடும்.

பெயரைக் கேட்டால் பணம் ஏதோ கைக்கு வந்து சேர்வதுபோல் இருக்கும். வந்து சேர்வது வரிப் பொறுப்பு மட்டுமே. அக்கா தங்கை இருவர் எஸ் கார்ப்பரேஷனாகச் சரிபாதியாக நடத்தும் கடையில் 2,00,000 டாலர் லாபம்; முழுவதையும் வங்கிக் கடனின் அசலுக்குக் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 1,00,000 டாலர் என்று, அவரவர் லாபப் பங்கைக் காட்டும் கே-1 படிவம் வரும். ஒரு டாலர்கூட எடுக்காவிட்டாலும் வரி உண்டு. கணக்காளர்கள் இதை 'ஃபேன்டம் இன்கம்', அதாவது பேய் வருமானம் என்பார்கள். வரிக்கான தொகையையாவது பிரித்துத் தர வேண்டும் என்று பங்குதாரர் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

அப்புறம் சம்பளம். எஸ் கார்ப்பரேஷன் கடையில் வேலை செய்யும் உரிமையாளர் முதலில் நியாயமான சம்பளம் எடுக்க வேண்டும். சம்பளத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகள் உண்டு. பங்காக எடுக்கும் லாபத்துக்கு இல்லை. சம்பளத்தைக் குறைத்துக் காட்டும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. வரித்துறைக்கும் அது தெரியும்.

தமிழில்? 'கடத்து வருமானம்' என்றால் சுங்க அதிகாரி வந்துவிடுவார். 'ஊடுசெல் வருமானம்' நேர்ப்பெயர்ப்பு, ஆனால் அதே மயக்கத்தைத் தரும். 'பங்குதாரர்வழி வரிவிதிப்பு' என்பதே என் தேர்வு. யார் கட்டுகிறார் என்பது அதில் தெரிகிறது. இந்தியக் கூட்டாண்மை நிறுவனத்துக்கு மட்டும் இதைச் சொல்லிவிடக் கூடாது. அங்கே நிறுவனமே 30 சதவீதம் கட்டும், கூட்டாளியின் லாபப் பங்குக்கு வரி கிடையாது.